தலை தண்ணிப் பக்கம்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஐந்தாறு பேர் எங்கள் வீட்டில் என் மகளோடு உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களில் ஒருத்தி புத்தகத்தைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டுவிட்டு, "இந்த ஹைட்ரோகார்பனைப் படிச்சு நாம என்னடி பண்ணப் போறோம்?" என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். பக்கத்து அறையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி இந்த ஒரு வாரமாக என்னை விடவில்லை.

நான் பத்தாவதோடு நின்றவன். நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்து பிழைக்கிறவன். எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அது நான் பத்தாவது படித்த வருசம் ஆயுத பூசையில் தொடங்கியது.

என் வயசுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குப் பருத்தித் தார்ப்பாய் ஞாபகம் இருக்கும். இப்போது வருகிற பிளாஸ்டிக் தார்ப்பாய் இல்லை. கெட்டியான பருத்தித் துணியில் மெழுகு ஏற்றியது. விரித்தால் சடசடவென்று சத்தம் போடும். இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடியும். வெயில் பட்ட மெழுகு, மண்ணெண்ணெய், பழைய மழை எல்லாம் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். என் அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அந்த வாசம்தான் நுழையும். அப்பா லாரி டிரைவர். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு வடக்கே போவார்.

அப்பாவுக்கு ஒரு பெயர் இருந்தது. அவர் கட்டிய லோடு நனையாது என்பதுதான் அது. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, விரலால் சுண்டிப் பார்ப்பார். வீணைத் தந்தி மாதிரி 'டொய்ங்' என்று கேட்டால்தான் அடுத்த முடிச்சுக்குப் போவார். மற்ற டிரைவர்கள் தங்கள் கிளீனர்களிடம், "போய் அவரு கட்டறதைப் பாத்துட்டு வாடா" என்று அனுப்புவார்கள். அப்பா ஐந்தாவது வரைதான் படித்தவர். அந்த முடிச்சுதான் அவருக்குப் பட்டம், பதவி எல்லாம்.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு முதலாளி ஒரு போட்டி வைத்தார். லாரிகள் நிற்கிற அவர் செட்டில் எட்டு லாரிகள். எந்த லாரி பளிச்சென்று இருக்கிறதோ அதற்குத்தான் முதல் மாலை, முதல் பூசணிக்காய். சோப்புத்தூள் ஒரு மூட்டை வாங்கி வந்து செட்டு நடுவில் வைத்தார்.

"எத்தனை வேணாலும் அள்ளுங்கடா. எஞ்செட்டு வண்டி கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கோணும்."

நான் விடியற்காலையே போய்விட்டேன். டயர், கேபின், கண்ணாடி எல்லாம் தேய்த்தேன். அப்பாவும் கிளீனர் அண்ணனும் இஞ்சின் வேலையில் இருந்தார்கள். அப்போதுதான் மூலையில் மடித்துக் கிடந்த தார்ப்பாய் கண்ணில் பட்டது. வழக்கமாகத் தார்ப்பாயை விரித்துத் தூசி தட்டிச் சந்தனம் வைப்பதோடு சரி. எனக்கோ ஆசை அடங்கவில்லை. விரித்துப் போட்டுச் சோப்புத்தூளைக் கொட்டி, தென்னை விளக்குமாறால் தேய்த்தேன். கறுப்புக் கறுப்பாக அழுக்கு ஓடியது. நுரை என் முழங்கால் வரை வந்தது. திரும்பவும் கொட்டினேன். மூன்று தடவை தேய்த்தேன். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டி டிரைவருடைய மகனும் அவன் அப்பாவின் தார்ப்பாயை இழுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான்.

முதல் மாலை எங்கள் லாரிக்குத்தான் விழுந்தது. முதலாளி தார்ப்பாயைத் தடவிப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "பாருங்கடா, தார்ப்பாயே பட்டு வேட்டி மாதிரி இருக்குது. அப்பனுக்கு ஏத்த பையன்!" நான் கை நிறையப் பொரியோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்தப் பெருமை பத்து நாள்தான் இருந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் லாரி திரும்பி வந்தது. பள்ளிக்கூடப் பையோடு நேரே செட்டுக்கு ஓடினேன். உள்ளே சத்தமாக இருந்தது. ஹூப்ளி தாண்டி இரண்டு நாள் விடாத மழையாம். மேல்வரிசை ஜவ்வரிசி முழுக்க நனைந்து ஊறி, மூட்டைக்குள்ளேயே கஞ்சியாகிவிட்டதாம். எல்லா டிரைவர்களும் சுற்றி நின்றார்கள். நடுவில் அப்பா.

"கட்டு லூசாப் போட்டுட்டு எங்கயோ போய்ப் படுத்துத் தூங்கிட்டியாக்கும்?" என்றார் முதலாளி.

"கட்டு அவுரலீங்க முதலாளி."

"அவுராம தண்ணி மந்திரம் போட்டா உள்ள போச்சு?"

"ஓட்டையும் இல்லீங்க. நானே ஏறிப் பாத்தேனுங்க. எப்படிப் போச்சுன்னுதான் எனக்கும் தெரியலீங்க."

"தெரியலையா? அப்பத் தெரிஞ்சவன் ஓட்டட்டும்."

லாரிச் சாவியை வாங்கிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டார். கூட்டத்தில் யாரோ மெதுவாக, "பெரிய கட்டுக்காரரு" என்று சொன்னதும், இரண்டு பேர் சிரித்ததும் எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன்.

அதற்குப் பிறகு அப்பா வாசலுக்கே வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒரு துண்டுக் கயிற்றில் முடிச்சுப் போடுவார், சுண்டுவார், அவிழ்ப்பார். வேலை போனதைவிட அந்தச் சிரிப்புதான் அவரைத் தின்றது. அம்மா சோற்றைப் போட்டு வைத்தால் ஆறிப் போய்க் கிடக்கும்.

இதற்கு நடுவில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேறொரு அவமானம். காலாண்டு விடைத்தாள் கொடுத்தார்கள். 'சோப்பு எவ்வாறு அழுக்கை நீக்குகிறது? படம் வரைந்து விளக்குக' என்பது ஐந்து மார்க் கேள்வி. நான் வாங்கியது முட்டை.

சோப்பு மூலக்கூறு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தலைப்பிரட்டை மாதிரி ஒரு தலை, ஒரு நீள வால். நான் தலைப்பிரட்டையெல்லாம் அழகாகத்தான் வரைந்திருந்தேன். ஆனால் தலை அத்தனையும் எண்ணெய்த் துளிக்குள், வால் அத்தனையும் தண்ணீரில்.

"தலைகீழா மாட்டி வச்சிருக்க" என்றார் அறிவியல் டீச்சர், தாளை வகுப்புக்கே காட்டி. "இவன் செய்யற சோப்புல குளிச்சா, இருக்கற அழுக்கும் நல்லா ஒட்டிக்கும்." வகுப்பே சிரித்தது. "இருபத்தஞ்சு தடவை சரியா வரைஞ்சுட்டு வா. தலை தண்ணிப் பக்கம், வால் எண்ணெய்ப் பக்கம். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் அதை எழுதோணும்."

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். அப்பாவைப் பார்க்கக் கிளீனர் அண்ணன் வந்திருந்தார். இருவரும் அந்த மழையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுதாண்ணா புரியல" என்றார் அவர். "தார்ப்பாய் ஓரத்துல நுரையா வடிஞ்சுது பாத்தீங்களா? பால் பொங்கற மாதிரி. மழைத் தண்ணி எங்கயாச்சும் நுரைக்குமா?"

"பாத்தேன்" என்றார் அப்பா.

நான் பதினொன்றாவது தலைப்பிரட்டையில் இருந்தேன். பென்சில் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள். மெழுகு, மண்ணெண்ணெய், டீசல் மூன்றும் ஒரே வகையறா. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த ஹைட்ரோகார்பன்கள். பக்கத்துப் பக்கத்து அணுக்கள் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொண்டு சங்கிலியாக நிற்கின்றன. அதுதான் சகப்பிணைப்பு. ஒயரிங்காரன் பாஷையில் சொன்னால், அந்தச் சங்கிலியில் தண்ணீர் வந்து பிடித்துக்கொள்கிற மாதிரி மின்சுமை எங்கேயும் இல்லை. அதனால் மெழுகின் மேல் விழுந்த தண்ணீர் முத்து மாதிரி உருண்டு ஓடிவிடுகிறது. தார்ப்பாய் மழையைத் தாங்கியதெல்லாம் இதனால்தான்.

சோப்புக்கும் அதே ஹைட்ரோகார்பன் வால்தான். ஆனால் தலையில் மட்டும் சோடியத்தோடு அயனிப் பிணைப்பு. தண்ணீரில் போட்டதும் சோடியம் பிரிந்து போய்விடும். தலை மின்சுமையோடு நிற்கும். தண்ணீர் அந்தத் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வாலோ தன் சொந்தக்காரனான எண்ணெயையும் மெழுகையும் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் லாரி புரோக்கர்கள் இருக்கிறார்களே, ஒரு கை லோடுக்காரர் தோளிலும் இன்னொரு கை லாரிக்காரர் தோளிலும் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் சேர்த்து வைப்பவர்கள்? சோப்பு அந்த புரோக்கர்தான். சேரவே சேராத தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்து வைக்கிற ஆள். கடையில் வாங்குகிற சோப்புத்தூளும் அதே வேலையைத்தான் செய்கிறது.

நான் மூன்று தடவை தேய்த்ததில் கொஞ்சம் மெழுகு கழன்று போயிருக்கிறது. சரியாக அலசாததால் சோப்பு துணி இழையிலேயே தங்கிவிட்டது. மழை வந்ததும் அது தண்ணீரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போயிருக்கிறது. அப்பாவின் கட்டு அவிழவே இல்லை. நான்தான் மழைக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

இருபத்தைந்து படமும் வரைந்து முடித்தேன். ஒவ்வொன்றின் கீழும் 'தலை தண்ணிப் பக்கம்' என்று எழுத எழுத நிச்சயமாகிக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை கொல்லைப்புறம் போய், விறகின் மேல் மூடியிருந்த தார்ப்பாய்த் துண்டை உருவினேன். அப்பாவின் தார்ப்பாய் தைத்தபோது மிஞ்சிய துண்டு அது. ஒரு நாளும் சோப்பைக் கண்டதில்லை.

"ஏஞ் சாமி, வெறகு நனைஞ்சிரும், அதை எதுக்கு உருவற?" என்றாள் அம்மா.

"இங்க வந்து பாரும்மா."

துண்டின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். சேம்பிலை மேல் மாதிரி உருண்டு ஓடியது. பிறகு பாதியை மட்டும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, அன்று செய்த மாதிரியே அரைகுறையாக அலசி வெயிலில் காய வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து திரும்பவும் ஊற்றினேன். தேய்க்காத பக்கம் முத்து உருண்டது. தேய்த்த பக்கம் தண்ணீர் பரவி, கறுத்து, அடியில் சொட்டியது. அம்மா அடிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பாடமெல்லாம் தேவைப்படவில்லை.

"முதலாளிகிட்டப் போய்ச் சொல்லட்டுமாம்மா?"

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "சோப்பு வாங்கிக் குடுத்தது அவரு. போட்டி வச்சதும் அவரு. அவரு தப்புன்னு நீ போய்ச் சொன்னயின்னா, அப்புறம் எந்தச் செட்டுலயும் உங்கப்பாவைச் சேத்திக்க மாட்டாங்க, கண்ணு."

"அவரு தப்புன்னு சொல்லலை. நான் கழுவினேன்னு சொல்றேன்."

"உன்னைத்தான் எல்லாரும் பேசுவாங்க."

"பேசட்டும்மா. அப்பாவைப் பேசறதுக்குப் பதிலா என்னையப் பேசட்டும்."

ஞாயிற்றுக்கிழமை துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு செட்டுக்குப் போனேன். வானம் மூடிக் கிடந்தது. வாசலில் ஒரு லாரி மாவு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, பொரி வாங்க வந்தயா? அதெல்லாம் தீந்து போச்சு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். துண்டை அவர் முன்னால் விரித்தேன். "ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக் காட்டறேனுங்க. பாத்துட்டுத் திட்டுங்க" என்றேன்.

"என்ன வித்தை காட்டப் போறான், பாக்கலாம்" என்றார்.

ஊற்றினேன். ஒரு பக்கம் உருண்டது, ஒரு பக்கம் ஊறியது. சிரிப்பு நின்றது. "ஊறற பக்கம் சோப்புப் போட்டுத் தேய்ச்சதுங்க. ஆயுத பூசைக்கு எங்கப்பா தார்ப்பாயை நான் இப்படித்தாங்க தேய்ச்சேன். அப்பா கட்டு அவுரலீங்க. தப்பு என்னுதுங்க."

முதலாளி எழுந்து வந்தார். குனிந்து இரண்டு பக்கத்தையும் விரலால் தேய்த்துப் பார்த்தார். "எத்தனை சோப்புடா போட்ட?"

"நீங்க வச்ச மூட்டைல கால்வாசிங்க."

யாரோ இருமுகிற மாதிரி சிரிப்பை அடக்கினார்கள். முதலாளி முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். மாவு மூட்டைகள் மேல் அப்போதுதான் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தத் தார்ப்பாய்?"

அந்த வண்டி டிரைவர் தலையைச் சொறிந்தார். "எம்பையனும் தேய்ச்சானுங்க முதலாளி. இவனைப் பாத்துத்தான்."

"ஒரு பக்கெட் தண்ணி கொண்டாங்கடா!"

தார்ப்பாயைக் கீழே இழுத்துப் போட்டு முதலாளி தன் கையாலேயே ஊற்றினார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஓரத்தில் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு அப்படியே உள்ளே இறங்கியது.

"லோடை நிறுத்து. வேற தார்ப்பாய் போடு" என்றார். பிறகு கிளீனர் அண்ணனிடம், "போய் இவங்கப்பனைக் கூட்டிட்டு வா" என்றார்.

அப்பா வந்தார். நான்கு நாள் தாடி. முதலாளி ஆணியிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார். "இந்தா. நாளைக்கு லோடு இருக்குது."

அப்பா கையை நீட்டவில்லை. "சாவி இருக்கட்டுங்க முதலாளி. என் கட்டு லூசுன்னு இத்தனை பேரு முன்னால சொன்னீங்க. அது லூசா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க."

கிடைத்த வேலையும் போகப் போகிறது என்று பயந்தேன். அன்றைக்கு அப்பாவின் பிடிவாதம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இப்போது நானும் ஒரு தொழிலில் முப்பது வருசம் இருந்துவிட்டேன். அது ஏன் என்று இப்போது தெரிகிறது.

முதலாளி அந்தத் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூலையில் பாதி இருந்த சோப்பு மூட்டையைப் பார்த்தார்.

"லூசு இல்லப்பா" என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "உன் கட்டு கட்டாத்தான் இருந்திருக்குது." பிறகு திரும்பி, "அந்தச் சோப்பு மூட்டையத் தூக்கி அக்கட்டால போடுங்கடா, கண்ணுல படுது!" என்று கத்தினார்.

அப்பா சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு தார்ப்பாய்களையும் நன்றாக அலசிக் காய வைத்து, மெழுகு ஏற்றுகிறவர்களிடம் கொடுத்துத் திரும்ப மெழுகு ஏற்றினார்கள். மண்ணெண்ணெயில் மெழுகைக் கரைத்துத் தேய்ப்பார்கள். வகையறா ஒன்று என்பதால் ஒன்றில் ஒன்று கரைகிறது, பாருங்கள். இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது, தீப்பிடிக்கும். ஒரு துணியில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், அது போதும். அந்தச் செட்டில் அதற்குப் பிறகு எந்த ஆயுத பூசைக்கும் தார்ப்பாய் மேல் சோப்புப் படவில்லை. தூசி தட்டிச் சந்தனம் வைப்பதோடு சரி.

பொதுப் பரீட்சையில் அந்த ஐந்து மார்க் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அறிவியலில் நாற்பத்தொன்று வாங்கினேன். அறிவியல் டீச்சருக்கு இந்தக் கதை தெரியாமலே போய்விட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம்.

அப்பா என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவி திரும்பக் கிடைத்த அன்று சாயங்காலம் என் நோட்டை எடுத்து அந்த இருபத்தைந்து படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல எதுடா தலை, எது வால்?" என்று கேட்டார். சொன்னேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த வருசம் லாரிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். பின்பலகையில் இரண்டு மயில், நடுவில் தாமரை என்று பெயிண்டர் வரைந்துகொண்டிருந்தபோது, அப்பா என் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினார். ஒரு மூலையில் இதையும் போடச் சொன்னார். நீல நிறத்தில் தண்ணீர், மஞ்சளாக ஒரு எண்ணெய்த் துளி, சுற்றிலும் தலைப்பிரட்டைகள். பெயிண்டர் சிரித்துக்கொண்டே வரைந்தார். நான் சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அப்பா அவரை நிறுத்தி வைத்து மறுபடி வரையச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தலைகீழாப் போட்டிருக்கீங்க. தலை தண்ணிப் பக்கம் வரோணும்."

"தவளைக் குஞ்சு எந்தப் பக்கம் பாத்தா என்னங்ணா?"

"தவளைக் குஞ்சு இல்லீங்க" என்றார் அப்பா. "அது எம்பையன் படிச்ச படிப்பு."